கப்பல் புகைக்கு ஆம்பூரில் யார் காசு கொடுப்பது? இதைப் படித்து ஆராய வழி உண்டா?

ஆம்பூர்_ஷிப்பிங் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் ஆறு வருஷமாக டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் போடுவது, ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் ஏஜெண்ட்) அனுப்பும் பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்டில் பெட்டி நம்பரும் சீல் நம்பரும் சரியா என்று பார்ப்பது, இதுதான் வேலை. சொந்த ஊர் குடியாத்தம். எம்.ஏ. பொருளாதாரம் முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் சரக்கில் பெரும்பகுதி எஃப்.ஓ.பி.தான், கப்பல் கூலியை வாங்குகிறவரே கட்டிக்கொள்வார். ஜெர்மனியில் இரண்டு வாடிக்கையாளருக்கு மட்டும் நாங்கள் கூலி கட்டி அனுப்புகிறோம். அந்த ஃப்ரைட் பில்லில் 2024 தொடக்கத்திலிருந்து எமிஷன் சர்சார்ஜ் என்று, புகைக்காக ஒரு புதுக் கூடுதல் கட்டணம் வருகிறது. முதல் தடவை பார்த்தபோது ஃபார்வர்டர் தன் கைக்காகச் சேர்த்த தொகை என்று நினைத்து அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், இது லைன்காரன், அதாவது கப்பல் கம்பெனி, போடுவது. ஐரோப்பாவில் கப்பல் விடுகிற புகைக்குக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்."

அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது, இரண்டு வருஷமாக விடவில்லை. உலக வணிகத்தில் எடைக்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் வெப்ப வாயுவில் கப்பலின் பங்கு ஏறக்குறைய 3 சதவீதம். சின்ன எண் மாதிரி தெரியும், ஆனால் கப்பல்களைச் சேர்த்து ஒரு நாடு என்று வைத்தால் அது உலகின் பெரிய நாடுகளின் வரிசையில் வந்து நிற்கும்.

அப்புறம் என் கணக்கு ஒன்று. எங்கள் நாற்பதடிப் பெட்டியில் சுமார் 7,000 ஜோடி ஏறும். பெட்டிக்கு 100 யூரோ சர்சார்ஜ் என்றே வைத்தாலும் ஒரு ஜோடிக்கு ஒன்றரை சென்ட்கூட வரவில்லை. நம் காசில் சுமார் ஒன்றரை ரூபாய். ஜெர்மனியில் அந்த ஷூவை வாங்குகிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் எஃப்.ஓ.பி. வாடிக்கையாளர்கூட அடுத்த சீசன் விலை பேசும்போது "சரக்கு இங்கே வந்து இறங்கும் செலவு ஏறிவிட்டது, நீங்கள் கொஞ்சம் இறங்குங்கள்" என்கிறார். நாங்கள் இறங்கினால் எங்களுக்கு அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கிறவர்களை இறங்கச் சொல்கிறோம். அந்தக் கடிதத்தையும் நான்தான் டைப் செய்கிறேன்.

எனக்குக் கேள்வி இதுதான். கடல்சார் கொள்கை ஆய்வு என்று ஒரு துறை இருப்பதாகப் படிக்கிறேன். கடலே இல்லாத நம் மாவட்டத்திலிருந்து, கப்பலில் கால் வைக்காத ஒருத்தி அதற்குள் போக முடியுமா? அதைவிட முக்கியமாக, இந்தக் கட்டணத்தால் புகை உண்மையிலேயே குறைகிறதா, இல்லை காசு மட்டும் கீழே கீழே தள்ளப்படுகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காட்பாடி_சீஃப் எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. நான் 31 வருஷம் கப்பலில் இருந்தவன், கடைசி 14 வருஷம் சீஃப் இன்ஜினியர். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். கொள்கை எல்லாம் எனக்குத் தெரியாது, இன்ஜின் ரூம் தெரியும், அதைச் சொல்கிறேன்.

முதலில் கப்பல் எதை எரிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கச்சா எண்ணெயில் பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் மிஞ்சுகிற கசடுதான் ஹெவி ஃப்யூயல். ஒரு குளிர்காலத்தில் வட கடலில் பங்கர் (கப்பலுக்கான எண்ணெய்) எடுத்தபோது சாம்பிள் பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எண்ணெய் இன்னும் பாட்டில் கழுத்திலேயே நிற்கிறது. அதை 130 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் இன்ஜினுக்குள் தெளிக்கவே முடியும். அதில் ஒரு டன் எரித்தால் 3 டன்னுக்குச் சற்று அதிகமாகவே கார்பன் டை ஆக்சைடு வரும், சரியாகச் சொன்னால் 3.114. எண்ணெயில் இருக்கிற கார்பன் காற்றிலிருக்கிற ஆக்சிஜனோடு சேருவதால் எடை கூடுகிறது.

2020 ஜனவரி 1 முதல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்று விதி வந்தது. துறைமுக ஊர்களில் மூச்சு விடுகிறவர்களுக்கு அது பெரிய நன்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பலர் பழைய எண்ணெயையே எரித்துக்கொண்டு ஸ்க்ரப்பர் மாட்டினார்கள். புகையைக் கடல்நீரால் கழுவி, கழுவிய தண்ணீரைத் திரும்பக் கடலிலேயே விடுவது. சிங்கப்பூர் தன் துறைமுகத்தில் அதைத் தடை செய்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தோல் ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடாதே என்றார்கள், சுத்திகரித்தோம், கடைசியில் உப்பும் கசடும் மூட்டை மூட்டையாக வேறு இடத்தில் குவிந்தது. ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் வெளியே வருகிறது.

இப்போது நான் முக்கியமாக நினைக்கிற விஷயம், வேகம். கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் இன்ஜின் போடும் சக்தி கால் பங்குக்கு மேல் குறையும், ஏறக்குறைய 27 சதவீதம். பயணம் நீளுமே என்றால் அதையும் கழித்துப் பார்த்தால்கூட ஒரு பயணத்துக்கு 19 சதவீதம் எண்ணெய் மிச்சம். எந்தப் புதுத் தொழில்நுட்பமும் வேண்டாம், லீவரைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் போதும். அப்படியானால் ஏன் செய்வதில்லை? நான் பட்டதைச் சொல்கிறேன். நிலக்கரி ஏற்றிக்கொண்டு நம் கிழக்குக் கடற்கரைத் துறைமுகம் ஒன்றுக்கு வந்தோம். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகம், தினம் 30 டன்னுக்கு மேல் எண்ணெய். தினமும் நண்பகலில் நூன் ரிப்போர்ட் அனுப்புவோம், எங்கே இருக்கிறோம், எவ்வளவு எரித்தோம் என்று. வேகம் கொஞ்சம் குறைந்திருந்தால் உடனே ஏன் என்று கேட்டு மெயில் வரும். அப்படி விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால் ஜெட்டி காலி இல்லை, ஒன்பது நாள் நங்கூரம். எனக்கு வயிறு எரிந்தது. இடம் இல்லை என்பது அவர்களுக்கு நாங்கள் பாதிக் கடலில் இருக்கும்போதே தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் கப்பல் தாமதிக்காமல் போய்ச் சேர வேண்டும் என்று இருக்கிறது, முதலில் வந்து நிற்கிறவருக்குத்தான் வரிசையில் இடம், காத்திருந்தால் டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் வேறு கிடைக்கும். மெதுவாக வந்தால் கப்பல்காரருக்கு நஷ்டம், விரட்டிக்கொண்டு வந்து சும்மா நின்றால் லாபம்.

இதை மாற்ற 2021-இல் பிம்கோ என்ற சர்வதேசக் கப்பல் தொழில் அமைப்பு ஒப்பந்தத்தில் சேர்க்க ஒரு ஷரத்தே எழுதிக் கொடுத்தது, சரியான நேரத்துக்கு வந்தால் போதும் என்று. அதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. ஆகவே அம்மா, புகை இன்ஜினில் மட்டும் உண்டாவதில்லை, நீங்கள் தினமும் பார்க்கிற காகிதத்திலும் உண்டாகிறது. காகிதம் தெரிந்தவர்கள் இந்த ஆய்வுக்கு வர வேண்டும். கப்பலில் கால் வைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள்.


பேரணாம்பட்டு_பாய் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கடிதத்தை வாங்குகிற பக்கத்தில் இருக்கிறவன் நான். பேரணாம்பட்டில் 22 மெஷின் போட்டு அப்பர் தைத்துக் கொடுக்கிறேன். போன சீசனில் ஜோடிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னார்கள். காரணம் கேட்டேன், மேலே கேட்கிறார்கள் என்றார்கள். மேலே என்றால் யார் என்று இன்றைக்கு உங்கள் பதிவைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிக்கவும். என் அப்பா வைத்திருந்தது தோல் ஊறவைக்கப் பன்னிரண்டு குழி போட்ட சின்ன தோல் ஷாப். 1996-இல் தோல் ஆலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது எனக்கு 19 வயது. மாசுபடுத்தியவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னார்கள். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பாலாற்றங்கரையில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதை நாங்களும் பார்த்தவர்கள்தான், என் மாமியார் வீட்டுத் தென்னை காய்ந்தது எங்களால்தான். ஆனால் டேனரிக்கு 10,000 ரூபாய் அபராதம் என்றால் நூறு ஆள் வேலை செய்கிற டேனரிக்கும் 10,000, எங்கள் பன்னிரண்டு குழிக்கும் 10,000. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு போட வேண்டும், மாதாமாதம் கட்ட வேண்டும். பெரியவர்கள் கட்டி நின்றுகொண்டார்கள், நாங்கள் இரண்டு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு மூடினோம். தீர்ப்பில் எழுதியிருந்த நியாயம் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது வேறாகிவிட்டது.

இப்போது கப்பல் விடுவது யாரோ, புகை விடுவது யாரோ, ஷூ போடுவது யாரோ. காசு மட்டும் பேரணாம்பட்டிலிருந்து போகிறது. ஐரோப்பா தன் கஜானாவுக்கு வரி போட்டுவிட்டு அதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்தால் நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? படித்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.


பாலாறு_வாணி எழுதியது:

பாய், உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். நான் வாணியம்பாடிக்காரி, பதினோரு வருஷமாக இந்தக் கப்பல் உமிழ்வுக் கொள்கையில்தான் ஆய்வு செய்கிறேன், இப்போது இருப்பது ஐரோப்பாவில். நீங்கள் சொன்னதுதான் இந்தத் துறையின் நடுக்கேள்வி. அதை ஒரு கருத்தரங்கில் அரை மணி நேரம் பேசியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். 1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் வளர்ந்த நாடுகள் ஒவ்வொன்றுக்கும் புகைக்கு வரம்பு எழுதினார்கள், ஆனால் நடுக்கடலில் போகும் கப்பலை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? சொந்தக்காரர் கிரேக்கர், கொடி பனாமாவுடையது, மாலுமிகள் பிலிப்பைன்ஸும் நம் தூத்துக்குடியும், சரக்கு ஆம்பூருடையது. அதனால் அதை ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம், ஐ.எம்.ஓ. என்பார்கள், விட்டுவிட்டார்கள். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது. அங்கே 2018-இல்தான் முதல் இலக்கு வந்தது, 2050-க்குள் பாதியாவது குறைப்போம் என்று. 2023 ஜூலையில் அதை இறுக்கினார்கள்: 2050-ஐ ஒட்டி நிகரப் பூஜ்யம், இடையில் 2030-க்குள் 2008 அளவிலிருந்து குறைந்தது 20 சதவீதம், 2040-க்குள் 70 சதவீதம் குறைய வேண்டும்.

இலக்கு எழுதியாயிற்று, காசு யார் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஐ.எம்.ஓ.வுக்காகக் காத்திருக்காமல் 2024 ஜனவரியிலிருந்து தன் கார்பன் சந்தையில், அதாவது புகைவிட அனுமதி வாங்கி விற்கிற ஏற்பாட்டில், கப்பலைச் சேர்த்துவிட்டது. தங்கச்சி பில்லில் பார்க்கிற கட்டணம் அதனால்தான். 5,000 ஜி.டி.க்கு (கப்பலின் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் அளவு) மேலான கப்பல்கள், ஐரோப்பாவுக்குள்ளேயே போனால் முழுப் புகைக்கும், வெளியிலிருந்து வந்தால் பாதிப் புகைக்கும் அந்த அனுமதியை, பெர்மிட்டை, வாங்கி ஒப்படைக்க வேண்டும். 2024 புகைக்கு 40 சதவீதம், 2025-க்கு 70, 2026-லிருந்து முழுதாக. நம் ஊர்ப் பெட்டி எப்படிப் போகிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து கொழும்பு வரைக்கும் சின்னக் கப்பலில் போய் அங்கே தாய்க்கப்பலுக்கு மாறினால், வழியில் வேறு துறைமுகத்தில் நிற்காவிட்டால் கொழும்பிலிருந்து ஐரோப்பா போகிற தூரத்துக்குத்தான் கணக்கு. பெர்மிட் டன்னுக்கு 70 யூரோ என்று வைத்தால், 2026 முதல் அந்தப் பயணத்தில் எரிக்கும் ஒவ்வொரு டன் எண்ணெய்க்கும் ஏறக்குறைய 109 யூரோ கூடுகிறது. சீஃப் சார் சொன்ன 3.114-ஐப் பாதியாக்கி 70-ஆல் பெருக்கிப் பாருங்கள். கப்பல்காரர் எண்ணெயை மிச்சம் பிடிக்க இது போதுமான காரணம். ஆகவே தங்கச்சியின் கேள்விக்கு என் பதில், ஆமாம், புகையின் மேல் விலை வைத்தால் அது வேலை செய்கிறது, மெதுவாக ஓட்டுவது முதல் ப்ரொப்பல்லரைத் துடைப்பது வரை எல்லாமே லாபக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. ஆனால் செங்கடலில் 2023 நவம்பரில் தாக்குதல் ஆரம்பித்த பிறகு கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் இந்த மிச்சம் எவ்வளவோ கரைந்துவிட்டது. சுற்றிப் போனால் எண்ணெயும் அதிகம், எண்ணெய் அதிகமானால் சர்சார்ஜும் அதிகம். போருக்கும் சேர்த்து நாம் காசு கொடுக்கிறோம்.

இப்போது பாய்க்கு. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய நாடுகளின் கஜானாவுக்கும் அவர்களுடைய கண்டுபிடிப்பு நிதிக்கும்தான் போகிறது. நம் பக்கம் வரவில்லை. நீங்கள் கோபப்படுவது நியாயம். அது போதாதென்று, சில லைன்கள் பெர்மிட்டுக்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாகவே சர்சார்ஜ் வசூலிக்கின்றன என்று டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் என்ற ஐரோப்பியச் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் கணக்குப் போட்டுக் காட்டியது.

ஆனால் இதற்கு மாற்று வரியே வேண்டாம் என்பதில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உலகம் முழுதுக்கும் ஒரே விதி, அந்தப் பணம் ஒரு பொது நிதிக்குப் போய் ஏழை நாடுகளுக்கும் திரும்ப வேண்டும், அதுதான் மாற்று. 2021-இல் மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும் டன்னுக்கு 100 டாலர் வரி வேண்டும் என்று ஐ.எம்.ஓ.வில் கேட்டன. கடல் ஏறினால் நிலத்தை இழக்கிற தீவுகள் அவை, அதே சமயம் உலகத்தில் அதிகக் கப்பல்கள் பறக்கவிடும் கொடிகளில் ஒன்று மார்ஷல் தீவுகளுடையது. தன் வருமானத்துக்கே பாதகமானதை அவர்கள் கேட்டார்கள். 2025 ஏப்ரலில் ஐ.எம்.ஓ.வில் ஒரு வரைவு வாக்கெடுப்புக்கு வந்தது, 63 நாடுகள் ஆதரவு, 16 எதிர்ப்பு. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. வரம்பு தாண்டிய புகைக்கு டன்னுக்கு 100 டாலர், மேல் படியில் 380 டாலர், வருகிற பணத்துக்கு ஒரு நிதி. அக்டோபரில் அதை நிறைவேற்ற வேண்டிய கூட்டத்தில் அமெரிக்காவின் கடும் எதிர்ப்புக்கு நடுவே 57-க்கு 49 என்று வாக்களித்து ஓராண்டு தள்ளி வைத்துவிட்டார்கள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உலக விதி இல்லாத ஒவ்வொரு வருஷமும் ஐரோப்பாவின் விதி மட்டும்தான் இருக்கும், அதில் பேரணாம்பட்டுக்கு ஒரு பைசா பங்கு கிடையாது.

நிதி வந்தாலும் அது யாருக்குப் போகும் என்பதற்கு ஆய்வு வேண்டும். நாடுகளுக்கு என்ன பாதிப்பு என்று ஐ.எம்.ஓ.வுக்காக ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் 2024-இல் பெரிய ஆய்வு செய்தது. நாடு நாடாகப் பார்த்தார்கள். இந்தியா என்று ஒரே கட்டம். அந்தக் கட்டத்துக்குள் 22 மெஷின் வைத்திருக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று அதில் தெரியாது. 10,000 ரூபாய் பன்னிரண்டு குழிக்கும் நூறு ஆள் டேனரிக்கும் ஒன்றாக வந்ததே, அதே தப்பு இங்கே உலக அளவில் நடக்கும், நாம் கணக்கு கொடுக்காவிட்டால்.

தங்கச்சி, படிப்பு பற்றி. சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஐ.ஐ.டி. மெட்ராஸில் கடல் பொறியியல் துறையும் துறைமுகங்களுக்கான தேசிய மையமும் இருக்கின்றன, டெல்லியில் தேசியக் கடல்சார் அறக்கட்டளை கொள்கை பேசுகிறது. வெளிநாட்டில் ஸ்வீடனின் மால்மோவில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம், ஐ.எம்.ஓ.வே 1983-இல் ஆரம்பித்தது, உதவித்தொகையோடு வளரும் நாட்டு மாணவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். லண்டன் யு.சி.எல்.லில் கப்பல் உமிழ்வுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. பொருளாதாரம் படித்தவருக்கு இதில் நல்ல தேவை. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஐரோப்பாவுக்கு வந்துபோகும் ஒவ்வொரு பெரிய கப்பலும் வருஷம் எவ்வளவு கார்பன் விட்டது என்று 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தேடிஸ் (THETIS-MRV) தளத்தில் இலவசமாகப் போடுகிறார்கள், எக்செல் கோப்பாகவே கிடைக்கும். உங்கள் பெட்டிகள் ஏறிய கப்பல்களை அதில் தேடிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.


விஐடி_நாலாம்வருஷம் எழுதியது:

அக்கா, ஒரு சின்னக் குறுக்கீடு. எண்ணெயையே மாற்றிவிட்டால் இந்த வரிச்சண்டையே வேண்டாமே? 2023-லேயே மெத்தனாலில் ஓடும் கன்டெய்னர் கப்பல் கோபன்ஹேகனில் வந்துவிட்டது, தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக்கப் போவதாக அரசு அறிவித்திருக்கிறது. அம்மோனியா பற்றியும் எங்கள் துறையில் பேசுகிறார்கள்.


காட்பாடி_சீஃப் எழுதியது:

தம்பி, ஆர்வம் நல்லது. ஆனால் மெத்தனாலில் ஒரு டன்னுக்குக் கிடைக்கும் சக்தி எண்ணெயில் பாதிக்கும் குறைவு, தொட்டி இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அந்த இடத்தில் சரக்கு ஏறாது. அதையும் நிலக்கரியிலிருந்து செய்தால் மொத்தப் புகை கூடத்தான் செய்யும், காற்றாலை, சூரிய மின்சாரத்தில் செய்தால்தான் பசுமை. அம்மோனியாவில் கார்பன் கிடையாது, ஆனால் விஷம். பூட்டிய இன்ஜின் ரூமில் ஒரு ஃப்ளாஞ்ச் (குழாய் இணைப்பு) கசிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், கீழே வேலை செய்யப் போகிற பையன்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். எரிவாயுவில் ஓடும் கப்பலிலும் எரியாத மீத்தேன் புகைக்குழாய் வழியாக நழுவும், அது முதல் இருபது வருஷத்தில் கார்பன் டை ஆக்சைடைவிட எண்பது மடங்குக்கு மேல் சூடேற்றும். எல்லாம் வரட்டும், வர வேண்டும். பசுமை எண்ணெய் விலை பல மடங்கு, அந்த வித்தியாசத்தை யாராவது கட்டினால்தான் வரும். சுற்றிச் சுற்றி வாணி அம்மா சொன்ன இடத்துக்கே வருகிறோம்.


ஆம்பூர்_ஷிப்பிங் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், மார்ச் மாதக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது.

அக்கா சொன்ன கோப்பை இறக்கினேன். எங்கள் பி.எல்.லில் சென்னைக் கப்பலின் பெயர்தான் இருக்கும், தாய்க்கப்பலின் பெயரைப் பெட்டி நம்பர் போட்டு லைன் தளத்தில் ஒவ்வொன்றாக எடுத்தேன். கப்பலுக்கு ஏழு இலக்கத்தில் ஒரு ஐ.எம்.ஓ. நம்பர் இருக்கிறது, பெயர் மாறினாலும் அது மாறாது, அதை வைத்துத் தேடினால் சட்டென்று கிடைக்கிறது. இரண்டு வருஷத்தில் நாங்கள் கூலி கட்டி அனுப்பிய பெட்டிகள் ஏறியது 14 தாய்க்கப்பலில். அவற்றில் 12 கோப்பில் கிடைத்தன.

ஒரே வழித்தடத்தில், ஒரே லைனில், ஒரே காலாண்டில் போன இரண்டு கப்பல்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே அளவு சரக்கை அதே தூரம் கொண்டுபோக ஒன்று மற்றதைவிட எவ்வளவோ அதிகமாகப் புகைவிடுகிறது. ஆனால் எங்கள் பில்லில் இரண்டுக்கும் சர்சார்ஜ் ஒரே தொகை, பைசா வித்தியாசம் இல்லை. வழித்தடத்துக்கு ஒரு ரேட் என்று போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் சுத்தமான கப்பலில் ஏற்றியதற்கு எங்களுக்கு ஒரு பலனும் இல்லை, எந்தக் கப்பல் என்று கேட்கவும் காரணமில்லை. சீஃப் சார் சொன்ன நங்கூரக் கதை மாதிரியேதான் இதுவும், சரியாகச் செய்கிறவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே கூலி.

இதை நான் எங்கள் மேனேஜரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த கொட்டேஷனில் கப்பல் பெயரையும் கேட்டு வாங்கு என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இந்த விஷயம் ஆபீஸில் என் ஒருத்தியின் விஷயமாக இல்லாமல் போனது.

அக்கா, மேலே கப்பலிலிருந்து பில் வரைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. பில்லிலிருந்து கீழே பார்க்க முடியவில்லை. சர்சார்ஜ் வந்த பிறகு தைப்புக் கூலி எவ்வளவு இறங்கியது, அதில் எவ்வளவு இதனால், எவ்வளவு வேறு காரணத்தால் என்று சொல்ல எங்கள் கம்பெனிக் கணக்கு மட்டும் போதாது. ஜாப் ஒர்க் பக்கத்துக் கணக்கு எங்கேயும் இல்லை.


பாலாறு_வாணி எழுதியது:

அதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி, தங்கச்சி. அதை அப்படியே இரண்டு பக்கத்தில் எழுதுங்கள், இங்கே இருக்கிறவர்களிடம் நான் காட்டுகிறேன். கூலி இறங்கியதற்குத் தோல் விலை, டாலர் மதிப்பு, ஆர்டர் குறைவு என்று நூறு காரணம் இருக்கும், அவற்றைப் பிரிக்க 2024-க்கு முன்னால் நாலைந்து வருஷக் கணக்காவது வேண்டும். ஒரே ஒரு யூனிட்டின் கணக்கு கிடைத்தால்கூட ஆரம்பிக்கலாம்.


பேரணாம்பட்டு_பாய் எழுதியது:

என்னிடம் இருக்கிறது. 2013-லிருந்து எந்த ஆர்டர், எத்தனை ஜோடி, என்ன ரேட், எந்தத் தேதியில் காசு வந்தது, எல்லாம் நீல அட்டை நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் ஒரு நோட்டு மட்டும் நனைந்து போய்விட்டது, மற்றதெல்லாம் பத்திரம். கம்பெனிப் பெயர்களை மறைத்துவிட்டு எழுதுவதாக இருந்தால் தருகிறேன். கூலி ஆட்களுக்குக் கொடுத்த வாரச் சம்பளமும் பின்பக்கத்தில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் யாரும் கேட்பதே இல்லை.

அப்பா ஷாப் மூடிய வருஷத்துக் கணக்கு யாரிடமும் இல்லை. அதனால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன்.


ஆம்பூர்_ஷிப்பிங் எழுதியது:

பாய், பெயர் எதுவும் வராது, எழுதியதை உங்களிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். ஞாயிறு பத்து மணிக்குக் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறுகிறேன். என் தம்பியையும் கூட்டி வருகிறேன், நோட்டுகளை அங்கேயே வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம், எதையும் வீட்டை விட்டு எடுத்துப் போக மாட்டோம்.